மிளகின் முயல் ஓட்டம்

காலையிலிருந்து அந்த வீட்டில் யாராலும் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

கறுப்பு லாப்ரடார் மிளகு, வாசல் கதவுக்கும் பின்னறை ஜன்னலுக்குமாக நடையாய் நடந்தது. அதன் பின்னாலேயே ஈரத் துணியோடு தரையைத் துடைத்தபடி கைராசி நடந்தாள். இரண்டு பேரையும் தாண்டித் தாண்டி, வாளியும் பிரஷ்ஷுமாக மாஸ்டர் போய்வந்துகொண்டிருந்தார். வெளியே மழை வருவதுபோல் வருவதும், பிறகு மனம் மாறிப் போவதுமாக இரண்டு நாளாகப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. சூடான காற்று தெருப்புழுதியை அள்ளிக்கொண்டு வந்து கேட்டில் அறைந்துவிட்டுப் போயிற்று.

மிளகு பருவத்துக்கு வந்திருந்தது. அந்தச் சேதியை யாரும் தண்டோரா போட வேண்டியதில்லை. காற்றே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கேட்டுக்கு வெளியே தெருநாய்கள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்துக் கிடந்தன. மாஸ்டரின் அக்கா, தைத்துக்கொண்டிருந்த ஸ்கூல் பையை மிஷினிலேயே விட்டுவிட்டு, தண்ணீர்ச் சொம்போடு காவலுக்கு நின்றாள்.

"டேய் தம்பி, வெளியே ஆறேழு மாப்பிள்ளை வந்து நிக்கிறாங்கடா. ஒருத்தன் மூஞ்சியும் சரியில்ல."

"தண்ணியை ஊத்துக்கா!"

"ஊத்திட்டேன். குளிச்சு முடிச்சு இன்னும் ஜம்முனு வந்து நிக்கிறானுங்க."

மாஸ்டர் சிரிக்கவில்லை. பின்னறைத் தரையை மறுபடியும் தேய்க்கப் போய்விட்டார். சாயங்காலம் பேக்கரிக்காரர் தன்னுடைய ஆண் நாயைக் கூட்டிக்கொண்டு வருகிறார். அதற்குள் தரை காய வேண்டும், ரப்பர் பாய் விரிக்க வேண்டும், மனைவியின் வாய் அடங்க வேண்டும். முதல் இரண்டும் நடந்துவிடும் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது.

கைராசி என்பது அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. இணை சேர்க்கும்போது மிளகு அவள் பிடித்தால்தான் நிற்கும். அவள் கையில் விழுந்த குட்டி ஒன்றுகூட வீணானதில்லை. கணவர் விளையாட்டுக்கு அப்படிக் கூப்பிடப்போய், தெருவே கூப்பிட ஆரம்பித்துவிட்டது. கணவருக்கு 'மாஸ்டர்' என்ற பெயர் வந்த கதையும் ஏறக்குறைய அதுதான். ஒரு காவல் கம்பெனியில் நாய்களைப் பழக்கும் வேலையில் இருந்தவர். கம்பெனி கேமராவுக்கு மாறியபோது நாய்களோடு இவரையும் வெளியே அனுப்பியது. பட்டம் மட்டும் விசுவாசமாகக் கூடவே வந்துவிட்டது.

வந்தவர் வீட்டில் சும்மா உட்காரவில்லை. வளர்த்த லாப்ரடார் போட்ட குட்டிகளில் ஒன்றை நிறுத்திக்கொண்டார். அதுதான் மிளகு. ஏன் அதை நிறுத்தினார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மற்ற குட்டிகள் எல்லாக் குட்டிகளையும்போல ஓடின. மிளகு மட்டும் பின்னங்கால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, எம்பி எம்பி, அச்சு அசல் முயலைப்போலத் தாவி ஓடியது. பார்த்தவர்கள் மயங்கிப்போனார்கள். மாஸ்டர் அதற்கு 'முயல் ஓட்டம்' என்று பெயர் வைத்தார். மிளகு குட்டி போட்டபோது, அதேபோலத் தாவிய குட்டிகளுக்குத்தான் போட்டி. குட்டிகள் தாவுகிற வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. "முயல் ஓட்டத்துக் குட்டி இருக்கா?" என்று முகம் தெரியாதவர்கள் போன் செய்தார்கள். கம்பெனி கைவிட்ட மனிதர் மறுபடியும் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

எல்லாம் போன செவ்வாய்க்கிழமை வரைக்கும்தான்.

அன்றைக்கு ஸ்கூல் வேன் டிரைவர் வாசலில் வந்து நின்றார். மிளகின் போன ஈற்றில் ஒரு குட்டியை வாங்கிப்போனவர். இரண்டு வயதுகூட முடியாத அந்த நாயைக் கைக்குழந்தைபோல வேனிலிருந்து தூக்கி இறக்கினார்.

"அக்கா, எந்திரிக்க மாட்டேங்குறான். டாக்டர்கிட்ட போறேன். தனியாப் போக பயமா இருக்கு. மாஸ்டர் இல்லியா?"

மாஸ்டர் சாமான் வாங்கப் போயிருந்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கைராசியே வேனில் ஏறினாள்.

டாக்டரம்மா அதிகம் பேசுகிறவரல்ல. நாயை மயக்கி எக்ஸ்ரே படம் எடுத்தார். படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். தொடை எலும்பின் உருண்டை, இடுப்பின் கிண்ணத்தில் பொருந்தி உட்கார வேண்டும். இங்கே கிண்ணம் தட்டுபோல ஆழமில்லாமல் இருந்தது. உருண்டை அதன் விளிம்பில், விழலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல நின்றது.

"இது ஓடும்போது ரெண்டு காலையும் சேர்த்துத் தாவுமா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ஆமா டாக்டர், முயல் ஓட்டம்!" என்றார் வேன் டிரைவர், அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமையாக.

"ஒவ்வொரு காலா ஊன்றினா வலிக்கும். அதான் ரெண்டையும் சேர்த்து ஊன்றுது."

டாக்டரம்மா நாயின் காலைப் பிடித்து மெல்ல விரித்து அழுத்தினார். கைராசி பக்கத்தில்தான் நின்றாள். அவள் தன்னையறியாமல் கையை நீட்டினாள்.

"நான் தொட்டுப் பார்க்கலாமா டாக்டர்?"

தொட்டாள். டாக்டரம்மா மறுபடி அழுத்தினார். கைராசியின் உள்ளங்கைக்குக் கீழே, தோலுக்கு அடியில், ஏதோ ஒன்று 'தக்' என்று நழுவி, திரும்ப வந்து உட்கார்ந்தது.

அந்தத் 'தக்' அவளுக்குப் பழகியது. எத்தனையோ முறை அது அவள் கையில் வந்து போயிருக்கிறது.

"இது எல்லா நாய்க்கும் இருக்கும்தானே?" என்றாள். குரல் அவளுடையதுபோல் இல்லை.

டாக்டரம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். தையல் பிரிக்க வந்து மேஜையில் இன்னும் மயக்கம் தெளியாமல் படுத்திருந்த ஒரு சாதாரணத் தெருநாயின் பக்கம் கூட்டிப்போனார். அதன் இடுப்பில் அவள் கையை வைத்து, அதேபோல அழுத்தினார். ஒன்றும் நழுவவில்லை. நல்ல கதவின் கீல்போல, எலும்பு சத்தமில்லாமல் சுழன்றது.

"தாய் உங்ககிட்டதானே இருக்கு? அதுக்குப் படம் எடுத்திருக்கீங்களா?"

"இல்லை."

"எடுக்காம இனிமே சேர்க்காதீங்க."

அன்று முதல் அவள் கைகள் அவளிடம் சும்மா இருக்கவில்லை. பாத்திரம் கழுவும்போதும், ரொட்டிக்கு மாவு பிசையும்போதும், அந்தத் 'தக்' உள்ளங்கையில் வந்து வந்து போனது. மிளகைப் பிடித்தபோதெல்லாம் அதை உணர்ந்திருக்கிறாள். நாய் என்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டாள். அவள் இடுப்பைத் தாங்கிப் பிடித்த நாய் மிளகு ஒன்றுதானே!

இப்போது அடுப்பில் மிளகுக்காகக் கோழியும் கேரட்டும் வெந்துகொண்டிருந்தன. தீயைக் குறைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனாள். மாஸ்டர் ரப்பர் பாயைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

"என்னங்க."

"ம்."

"அந்தப் பாயை விரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை."

"ஒரு வார்த்தையா? நீ செவ்வாய்க்கிழமை ஆரம்பிச்ச வார்த்தை இன்னும் முடியல."

"சேர்க்கவே கூடாதுன்னா சொல்றேன்? படம் எடுத்துட்டுச் சேர்ப்போம்னுதானே சொல்றேன்."

"படம் எடுத்து, காத்திருந்து... இந்தப் பருவம் போச்சுன்னா அடுத்ததுக்கு அவளுக்கு வயசு ஏறிடும். இதான் கடைசி ஈத்து. இதுல ஒரு பொட்டையை நிறுத்திக்கிட்டு அவளுக்கு ஓய்வு குடுத்திடலாம்னு நான்தானே சொன்னேன்? எனக்கு மட்டும் அவமேல பாசம் இல்லியா?"

"அந்தப் பொட்டைக்கும் இதே இடுப்பு வந்தா?"

"வேன்காரன் வீட்டுத் தரையைப் பார்த்திருக்கியா நீ? வழவழன்னு டைல்ஸு. நானே அங்க நடக்கணும்னா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கணும். அது போதாதுன்னு நாயைப் பூசணிக்காய் மாதிரி ஊத வெச்சிருக்கான். அதுக்கு என் நாய்மேல பழியா?"

"டாக்டரம்மாவும் தரையைச் சொன்னாங்க. எடையைச் சொன்னாங்க. அப்புறம் ரத்தத்தையும் சொன்னாங்க. நீங்க ரெண்டை மட்டும் காதுல வாங்கிக்கிட்டு மூணாவதைக் கீழே விட்டுடுறீங்க."

"ஒரு நாய் நொண்டினா ஒரு பரம்பரையே நொண்டியா?"

"மிளகுக்கும் அதே சத்தம்தாங்க. என் கையில தெரிஞ்சிருக்கு."

"உன் கை என்ன எக்ஸ்ரே மிஷினா?"

மிளகு இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்று, ஒருவர் முகத்தையும் இன்னொருவர் முகத்தையும் பார்த்தது. பிறகு படுத்தது. படுத்த உடனே எழுந்து மறுபடி ஜன்னலுக்குப் போனது.

மாஸ்டர் பாயைக் கீழே போட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"வெளியே போய்க் கேட்டுப் பாரு. என்னை யாருக்குத் தெரியும்? முயல் ஓட்டத்து மாஸ்டர்னா தெரியும். வேலை போன அன்னைக்கு இந்தத் தெருவுல தலை குனிஞ்சு நடந்தேன், ஞாபகம் இருக்கா? அதை நிமித்துனவ இவதான். இப்ப அந்த ஓட்டமே நோவுன்னு நீ சொல்லிட்டா, அப்புறம் நான் யாரு?"

கைராசி நின்றாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் போனாள். அவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது, மிளகுக்கும் ஒன்றும் ஆகக் கூடாது என்றால், வழி எங்கே இருக்கிறது? அவள் பிடிக்காவிட்டால் மிளகு நிற்காது. அது அவருக்கும் தெரியும். ஆனால் மாட்டேன் என்று ஊரார் முன்னால் கையைக் கட்டிக்கொண்டால், அந்த மனிதர் அதற்குப் பிறகு அவள் முகத்தைப் பார்ப்பாரா?

யோசித்து முடிப்பதற்குள் வாசலில் ஹாரன் சத்தம்.

பேக்கரிக்காரரின் டெலிவரி வேன் வந்து நின்றதும் தெருநாய்கள் ஒரு பாட்டம் குரைத்துவிட்டு ஒதுங்கின. முதலில் இறங்கியது அவருடைய ஆண் நாய் கர்னல். வெண்ணெய் நிறம், எருமைக் கன்று அளவு, எதிரில் வந்த எல்லாவற்றையும் வாலாலேயே தட்டிவிடும் உற்சாகம். பின்னால் புருவத்தில் மைதா மாவோடு பேக்கரிக்காரர்.

"கர்னல் வந்தாச்சு! சல்யூட் எங்கே?"

"சல்யூட் அப்புறம். முதல்ல உங்க கர்னல் வால்லேர்ந்து என் நூல்கண்டை எடுங்க," என்றாள் நாத்தனார்.

"வண்டி பூரா சூடா பன்னு. ஒண்ணைக்கூட மோந்து பார்க்கலீங்க. இங்க வரணும்னு அப்படி ஒரு அவசரம். இந்த வேகத்தை நானெல்லாம் கடைசியா எப்பப் பார்த்தேன்னு ஞாபகமே இல்ல."

"அண்ணே, பொம்பளைங்க நிக்கிறோம்."

"நான் நாயைச் சொன்னேன் தங்கச்சி!"

டீ குடித்தார்கள். மாஸ்டர் தேவைக்கு அதிகமாகச் சிரித்தார். பேக்கரிக்காரர் தன் வீட்டில் இருக்கும் பெண் நாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆண் நாய்க்காரருக்கு ஈற்றில் ஒரு குட்டி பங்கு. அதுவும் அவர் கை காட்டுகிற குட்டி. போன ஈற்றில், எல்லாவற்றையும்விட உயரமாகத் தாவிய பெண் குட்டியைத்தான் அவர் கை காட்டினார். அதற்குப் பன்னு என்று பெயர் வைத்தார். கொழுத்து உருண்டு, பெயருக்குப் பொருத்தமாகத்தான் வளர்ந்திருந்தது.

"சரி, இருட்டறதுக்குள்ள ஆரம்பிக்கலாமா?" என்றார் பேக்கரிக்காரர்.

கூடத்திலிருந்து பின்னறைக்கு இரண்டு படி இறங்க வேண்டும். மாஸ்டர் மிளகின் பட்டையைப் பிடித்துக்கொண்டு முன்னால் இறங்கினார். மிளகு மேல்படியில் ஒரு கணம் நின்றது. பின்னங்கால் இரண்டையும் சேர்த்துக்கொண்டு ஒரே எம்பில் கீழே குதித்தது.

"ஆகா! அம்மாவோட ஸ்டைலே தனி," என்றார் பேக்கரிக்காரர்.

பின்னால் வந்த நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு படியில் இரண்டு காலையும் வைத்து நின்றாள். பிறகு அடுத்த படியில் இரண்டு காலையும் வைத்தாள்.

"முட்டி போனதுலேர்ந்து நானும் ரெண்டு காலையும் சேர்த்து வெச்சுத்தான் இறங்குறேன். என்னை ஒருத்தரும் முயல்னு சொல்லலியே!"

அவள் வேடிக்கைக்குத்தான் சொன்னாள். பேக்கரிக்காரர் கடகடவென்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்துவிட்டுச் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பின்னறையில் ஜன்னலை அடைத்திருந்ததால் புழுக்கம் தாங்கவில்லை. ரப்பர் பாயின் நெடியோடு சோப்பு நெடி. மாஸ்டர் வழக்கம்போல மிளகின் முகத்துக்கு முன்னால் மண்டியிட்டு, கடித்துவிடாமல் இருக்க வாய்ப்பட்டையை மாட்டினார். முகம் அவர் பங்கு. இடுப்பு கைராசியின் பங்கு. முதல் ஈற்றிலிருந்து அப்படித்தான். ஆண் நாயின் எடை மேலே விழும்போது பெண் நாய் உட்கார்ந்துவிடாமல், ஒரு முழங்காலை அதன் வயிற்றுக்குக் கீழே கொடுத்து, இரண்டு கையாலும் இடுப்பைத் தாங்க வேண்டும். மிளகு எப்போதுமே உட்கார்ந்துவிடப் பார்க்கும். வெட்கம் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

இப்போதும் கர்னல் உள்ளே வந்த உடனேயே உட்கார்ந்துவிட்டது.

"வா, வந்து பிடி," என்றார் மாஸ்டர்.

கைராசி அசையவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. எல்லோர் முன்னாலும் மானத்தை வாங்கிவிடாதே என்று அது கெஞ்சியது.

"இன்னைக்கு நான் முன்னாடி பிடிக்கிறேன். நீங்க பின்னாடி வாங்க."

"என்ன விளையாட்டு இது? உன் கைதானே ராசி?"

"ராசியெல்லாம் இருக்கட்டும். ஒரே ஒரு தடவை இடம் மாறுங்க. அப்புறமும் சேர்க்கணும்னு நீங்க சொன்னா, நான் எதுவும் பேச மாட்டேன். சத்தியமா பேச மாட்டேன்."

"யார் எங்க பிடிச்சா என்ன மாஸ்டர்? கர்னல் பொறுக்க மாட்டேங்குறான்," என்று பேக்கரிக்காரர் பின்னாலிருந்து அவசரப்படுத்தினார். அவர் கையில் கயிறு விண்ணென்று இழுத்துக்கொண்டு நின்றது.

மாஸ்டர் எழுந்தார். முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தார். முழங்காலைக் கொடுத்தார். மிளகைத் தூக்கி நிறுத்தினார். கைராசி சொல்லாமலே அவர் கைகள் சரியான இடத்தில் போய்ப் படிந்தன. எத்தனை முறை எதிரிலிருந்து பார்த்திருக்கிறார்!

கைராசி முன்னால் உட்கார்ந்து பட்டையைப் பிடித்தாள். மிளகின் முகம் அவள் முகத்துக்கு அருகில் வந்தது.

கர்னல் முன்னங்கால்களைத் தூக்கி மேலே போட்டது. அந்த எடை மிளகின் இடுப்பில் இறங்கியது.

மிளகு குரைக்கவில்லை, உறுமவும் இல்லை. காதுகள் பின்னால் ஒட்டிக்கொண்டன. கண்ணின் ஓரத்தில் வெள்ளை தெரிந்தது. மூச்சை அப்படியே நிறுத்திக்கொண்டது. பிறகு, வாய் கட்டியிருந்ததால், மூக்கின் வழியாக மெல்லிய ஒரு சத்தம் வந்தது. நீராவி கசிவதுபோல. மிளகு நெற்றியைக் கொண்டுவந்து கைராசியின் தோளுக்குக் கீழே அழுத்திக்கொண்டது. உள்ளே புகுந்துகொள்ள இடம் தேடுவதுபோல இன்னும் இன்னும் அழுத்தியது.

ஒவ்வொரு முறையும் மாஸ்டர் இங்கே உட்கார்ந்துகொண்டு, "சமத்து, என் சமத்து, ஆச்சு, ஆயிடுச்சு" என்று ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பார். பின்னாலிருந்து கேட்கும்போது கைராசிக்கு அது கொஞ்சலாகத்தான் தோன்றும். இப்போதுதான் புரிந்தது. அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"இதையா ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கிட்டு இருந்தீங்க?" என்றாள்.

அவள் நிமிர்ந்தாள். மாஸ்டரின் முகம் சுண்ணாம்புபோல வெளுத்திருந்தது. அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னது இது? கைக்குள்ள நழுவுது..."

"அதான்."

"உள்ள எலும்பு... இந்தப் பக்கமும் நழுவுது."

"ரெண்டு பக்கமும்தான்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும். எல்லா நாய்க்கும் அப்படித்தான்னு நெனச்சுட்டேன். நீங்க என்ன நெனச்சீங்க?"

"வெட்கம்னு..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. "இல்ல. வலின்னு தெரியும். பொட்டைன்னா கொஞ்சம் இருக்கும்னு நெனச்சேன். கொஞ்சம்தான்னு." பேக்கரிக்காரரைப் பார்த்தார். "அண்ணே, கர்னலை இறக்குங்க."

"என்ன?"

"இறக்குங்கண்ணே. இன்னைக்கு இல்ல. என்னைக்குமே இல்ல."

"மாஸ்டர், இதெல்லாம் நல்லா இல்ல. அடுப்பை அப்படியே போட்டுட்டு வந்திருக்கேன்!"

"இறக்குங்கன்னு சொல்றேன்ல!"

அந்தக் குரலுக்குக் கர்னல் தானாகவே இறங்கிவிட்டது. மாஸ்டர் வாய்ப்பட்டையை அவிழ்த்தார். மிளகு எங்கும் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே மெல்லப் பின்புறத்தைத் தாழ்த்தி உட்கார்ந்து, இரண்டு பேர் கையையும் மாறி மாறி நக்கியது. அதைத்தான் மாஸ்டரால் தாங்க முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பேக்கரிக்காரர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே பொரிந்து தள்ளினார்.

"நாய்க்கு இல்லாத நோவு உங்களுக்கு என்ன? நாய்னா ஈனத்தான் செய்யும். ஒரு எலும்பு லொடக்குன்னா ஆகாயமா இடிஞ்சு விழுது? என் நாய்மேல குறை இருந்தா நேரா சொல்லுங்க."

"உங்க நாயைக் குறை சொல்லலண்ணே. ஆனா கர்னலுக்கும் ஒரு படம் எடுத்துப் பார்க்கணும். குட்டிங்க ரெண்டு பேருக்கும் பொறந்ததுதானே?" என்றாள் கைராசி.

"என் கர்னலுக்கா? நல்லா இருக்கே! எங்க பன்னுவைப் பாருங்க, கல்லுக் குண்டு மாதிரி இருக்கா. ஞாயித்துக்கிழமை அவளுக்கு ஜோடி வருது, தெரியுமில்ல? அவங்க வீட்டுலேர்ந்து வந்து, அவ தாவுறதைப் பார்த்துட்டு, இதே ஓட்டம்தான் வேணும்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க."

மாஸ்டர் சுவரிலிருந்து திரும்பினார். கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மிளகோடு முடிந்துவிட்டது என்று ஒரு நிமிஷம் நினைத்தது எத்தனை பெரிய தப்பு!

"அண்ணே, வண்டியை எடுங்க. நாங்களும் வர்றோம்," என்றார் மாஸ்டர்.

"எங்கே?"

"பன்னுவைப் பார்க்க."

நாத்தனார் சொம்பை நிரப்பிக்கொண்டாள். "நீங்க போங்க. ஒரு மாப்பிள்ளையும் இந்தக் கேட்டைத் தாண்ட மாட்டான்," என்றாள். மிளகு அவள் மிஷினுக்குக் கீழே போய், வெட்டுத் துணிக் குவியலில் படுத்துக்கொண்டது.

வேனில் பேக்கரிக்காரர் கோபத்தை கியரில் காட்டினார். பின்னால் காலி டிரேக்களுக்கு நடுவே கர்னல் மனமுடைந்த தளபதிபோல உட்கார்ந்திருந்தது. மாஸ்டர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, அவை யாருடையவையோ என்பதுபோலப் பார்த்தார். கைராசி ஒரு முறை தொட்டாள். அவர் விலக்கவில்லை.

பேக்கரியில் அடுப்பின் அனல் வாசல்வரை அடித்தது. இரண்டு ஆட்கள் மாவை உருட்டி டிரேயில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே மாவு மூட்டைமேல் படுத்திருந்த பன்னு, மாஸ்டரின் வாசனையை அறிந்ததும் ஒரே தாவலில் கீழே குதித்தது. பின்னங்கால் இரண்டும் சேர்ந்து தரையில் விழுந்தன. ஓடி வந்து அவர் மார்பில் மோதியது.

"பார்த்தீங்களா? இதுக்கா நோவு?" என்றார் பேக்கரிக்காரர்.

மாஸ்டர் குனிந்தார். கையைப் பன்னுவின் இடுப்புக்குக் கொண்டுபோனவர், நடுவிலேயே நிறுத்திவிட்டார். தன் கையால் அதை இன்னொரு முறை உணர அவருக்குத் துணிவு வரவில்லை. கைராசி பார்த்தாள். அவள் பேக்கரிக்காரரின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, உங்க கையைக் குடுங்க."

"என் கை எதுக்கு?"

"மாவு பதமாச்சா இல்லையான்னு தொட்ட உடனே சொல்லிடுவீங்கள்ல? குடுங்க."

அவர் சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார். அந்தக் கனத்த கையை எடுத்துப் பன்னுவின் இடுப்பில் பதிய வைத்தாள். அவருடைய இன்னொரு கையைத் தொடையில் வைத்தாள்.

"அழுத்த வேணாம். சும்மா வெச்சிருங்க. என்னங்க, நீங்க அவளை ஒரு அடி நடத்துங்க."

மாஸ்டர் பட்டையைப் பிடித்து ஒரு அடி முன்னால் நடத்தினார். பன்னு ஒரு காலை எடுத்து வைத்தது. அடுத்த காலை வைத்தது.

பேக்கரிக்காரர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் அதற்குள்ளிருந்து ஆள் போய்விட்டார்.

"இன்னொரு அடி," என்றார். குரல் இறங்கியிருந்தது.

நடத்தினார்கள். பன்னு தலையைத் திருப்பி அவர் முகவாயில் ஒட்டியிருந்த மாவை நக்கியது. அவர் கையை எடுக்கவே இல்லை.

"கை சொல்றது பாதிதான், அண்ணே. படம் எடுத்தாத்தான் முழுசாத் தெரியும். நாளைக்குக் காலையில டாக்டரம்மாகிட்ட மிளகு, கர்னல், பன்னு மூணு பேரையும் கூட்டிக்கிட்டுப் போவோம். மருந்து இருக்கு, எடையைக் குறைக்கணும்னாங்க. நல்லா வெச்சுக்கலாம். ஈத்து மட்டும் வேணாம்."

பேக்கரிக்காரர் நாயின் மேலிருந்து கண்ணை எடுக்காமலே, உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏம்மா! ஞாயித்துக்கிழமை வர்றவங்களுக்கு ஒரு போன் போடு. வர வேணாம்னு சொல்லு."

கல்லாவிலிருந்து அவர் மனைவி போனோடு எட்டிப் பார்த்தாள். "அய்யய்யோ, அவங்க ஆசையா இருக்காங்களே! என்ன காரணம்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்றது?"

பேக்கரிக்காரர் வாயைத் திறந்தார். அவருக்கு வார்த்தை வரவில்லை. கைராசிக்கு வந்தது. உதட்டு நுனியில் தயாராக நின்றது. ஆனால் இது அவள் சொல்ல வேண்டியதில்லை என்று அவளுக்குப் பட்டது.

மாஸ்டர் பன்னுவின் பட்டையை அவள் கையில் கொடுத்தார். பேன்ட்டில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

"போனைக் குடுங்கம்மா. காரணம் நான் சொல்றேன்."

பேக்கரிக்காரரின் மனைவி எண்ணைப் போட்டுக் கொடுத்தாள். மறுமுனையில் மணி அடிக்க ஆரம்பித்தது. மாஸ்டர் ஒரு கையால் காதில் போனை அழுத்திக்கொண்டு, அனலுக்கும் வாசலுக்குமாக நடக்கத் தொடங்கினார். யாரோ எடுத்து, "ஹலோ, யாரு?" என்றார்கள். அவர் நடப்பதை நிறுத்தினார்.